கையால் செய்த சோப்பு போட்டால் எரிகிறதா, அரிக்கிறதா? நேரத்தை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

"அக்கா, உங்க சோப்பு போட்டதுல இருந்து ஒரே அரிப்பு" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தேய்த்து எவ்வளவு நேரத்தில் ஆரம்பித்தது?

பொள்ளாச்சிப் பக்கம் வீட்டிலேயே ஒன்பது வருடமாகத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு செய்கிறேன். வந்த புகார்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் சோப்பைப் பற்றியும் உண்டு. செய்முறை கற்றுக்கொண்டு போனவர்கள் தங்கள் சோப்பைப் பற்றிக் கேட்டதும் உண்டு. புரட்டிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. தேய்த்த நொடியிலேயே எரிந்தால் பெரும்பாலும் காரம், அதாவது எண்ணெயைச் சோப்பாக்கப் போடும் காஸ்டிக் சோடா. சில நிமிடங்களில் தட்டுத் தட்டாகத் தடித்தால் பால், மாவு மாதிரி ஏதாவது உணவுப் பொருள். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து அரித்தால் வாசனை அல்லது மூலிகை. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தால் வறட்சி, இல்லாவிட்டால் தண்ணீர்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. அந்தச் சோப்பை நிறுத்துங்கள், ஆனால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு, எந்தத் தேதியில் செய்தது, என்னென்ன சேர்த்தது என்று எழுதி வையுங்கள். தோல் ஆறும்வரை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். மஞ்சள், எலுமிச்சை, வேப்பிலை என்று எதையும் மேலே பூச வேண்டாம். ஏற்கெனவே கோபமாக இருக்கும் தோலில் இன்னொரு பொருளைத் தடவினால் எது காரணம் என்றே பிறகு கண்டுபிடிக்க முடியாது.

## தேய்த்த உடனே சுரீர் என்று எரிகிறது

முதலில் எரியும் இடத்தைப் பாருங்கள். சவரம் செய்த தாடை, வெடித்த குதிகால், நகம் பட்டுக் கீறிய இடம், வெயிலில் வெந்த தோள், இங்கே மட்டும் எரிகிறது, மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்றால் சோப்பில் குறை இல்லை. காஸ்டிக் சோடா போட்டுச் செய்த நல்ல சோப்பின் பிஎச் அளவே (காரத்தன்மையைக் காட்டும் எண்) 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலுடையது 5ஐ ஒட்டியது. கீறிய தோலில் எந்தச் சோப்பும் எரியத்தான் செய்யும். ஆறும்வரை அந்த இடத்தில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது புதினா எண்ணெயும் கற்பூரமும். ஜில்லென்று ஆரம்பித்து எரிச்சலாக மாறி, கழுவிய ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டால் இதுதான். அடுத்த முறை அளவைப் பாதியாக்குங்கள். முகத்துக்கும் குழந்தைக்கும் வேண்டவே வேண்டாம்.

இரண்டும் இல்லை, நல்ல தோலே எரிகிறது என்றால் சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறது. ஈர விரலைச் சோப்பில் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சோப்புச் சுவை மட்டும் வந்தால் சரி. சின்ன பேட்டரியை நாக்கில் வைத்தது போல வெடுக்கென்று கடித்தால் காரம் மிச்சம். உடனே வாயைக் கொப்பளித்துவிடுங்கள். நாக்கில் வைக்கப் பயமாக இருந்தால் லேப் பொருள் விற்கும் கடையில், காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ப்தலீன் கரைசல் சின்ன பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோப்பைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் ஒரு சொட்டு விடுங்கள். நிறமே மாறாவிட்டாலும், லேசான ரோஸ் வந்தாலும் கவலை இல்லை. பளீரென்று அடர்ந்த ஊதாச் சிவப்பு வந்தால் அந்தச் சோப்பு உடம்புக்கு ஆகாது. பிஎச் காகிதத்தை மட்டும் நம்பாதீர்கள், சோப்பில் அது சரியாகக் காட்டுவதில்லை.

கடிப்பது ஒரே இடத்தில்தானா, சோப்பு முழுக்கவா?

ஒரே இடத்தில் என்றால் காஸ்டிக் சோடா முழுதாகக் கரையாமல் போயிருக்கிறது, அல்லது கலவை கெட்டியாவதற்கு முன்பே அச்சில் ஊற்றிவிட்டீர்கள். வெட்டிய முகத்தில் வெள்ளைக் கட்டியோ, நீர் கோத்த சின்னக் குழியோ தெரியும். அந்தக் குழியில் இருப்பது காரக் கரைசல், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மேலே சாம்பல் போலப் பூத்திருப்பது வேறு விஷயம். அது சோடா படிவு, துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

முழுக்கக் கடிக்கிறது என்றால் எடைக் கணக்கில் தவறு. என் நோட்டில் இந்த இனத்தில் அதிகம் இருப்பது ஒரே தவறு: செய்முறையில் கிராம், அளந்தது லிட்டரில். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ அல்ல. 910 முதல் 920 கிராம்தான் இருக்கும், பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு கிலோவுக்கு 183. பாதுகாப்புக்காக 5 சதவீதம் குறைத்தால் 174. இந்த 174ஐ ஒரு லிட்டர் எண்ணெயில் ஊற்றினால் என்ன ஆகும்? 915 கிராம் எண்ணெய் 167 கிராமைத்தான் ஏற்கும். மீதி 6, 7 கிராம் அப்படியே சோப்பில் நிற்கும். சுரீர் என்பது அதுதான்.

எண்ணெயை மாற்றிவிட்டுப் பழைய கணக்கையே வைத்திருப்பது இன்னொரு தவறு. நல்லெண்ணெய்க்கு ஒரு கிராமுக்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128 போதும். தேங்காய் எண்ணெய்க் கணக்கில் நல்லெண்ணெயைக் காய்ச்சினால் காரம் கடுமையாக மிஞ்சும். தராசின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தாலும் இதே கதைதான். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைப் புது பேட்டரியோடு எடை போட்டு எழுதி வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

"ஆறு வாரம் காயப் போட்டால் காரம் போய்விடும்" என்று சொல்வார்கள். போகாது. காரமும் எண்ணெயும் சேரும் வேலை முதல் ஒன்றிரண்டு நாளிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். ஆறு வாரம் காய்வது தண்ணீர் வற்றிச் சோப்பு இறுகி மென்மையாவதற்காக. கணக்கில் மிஞ்சிய காரத்தை அது சரி செய்யாது.

தவறு எங்கே என்று உறுதியாகத் தெரிந்தால் காப்பாற்றலாம். மேலே சொன்ன லிட்டர் தவறுக்கு, விடுபட்ட 85 கிராம் எண்ணெயைச் சேர்க்க வேண்டும். சோப்பைத் துருவி, ஸ்டீல் பாத்திரத்தில் எண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுச் சிறு தீயில் உருக்கி, மறுபடி அச்சில் ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்துவிடும். தவறு எங்கே என்று தெரியவில்லையா? குத்துமதிப்பாக எண்ணெய் ஊற்றாதீர்கள். கையுறை போட்டுத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

எரிந்த இடம் கொப்புளம் கட்டினால், தோல் உரிந்து பச்சையாகத் தெரிந்தால், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

## இறுக்கம், வறட்சி, வெள்ளையாகப் பூக்கிறது

குளித்துத் துடைத்ததும் முகம் இழுக்கிறது. காலில் நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்போ தடிப்போ இல்லை. இது ஒவ்வாமை அல்ல, வறட்சி. இப்போதே பிடித்தால் எளிது. விட்டுவிட்டால் தோல் வெடித்து, அந்த வழியாக மற்ற எல்லாத் தொந்தரவும் உள்ளே போகும்.

செலவில்லாத காரணங்கள் முதலில். வெந்நீரா? வெதுவெதுப்பாக மாற்றுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை உடம்பு முழுக்கச் சோப்பா? அக்குள், தொடை இடுக்கு, பாதம் தவிர மற்ற இடத்துக்கு ஒருமுறை போதும். பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்க்கிறீர்களா? நிறுத்துங்கள். சோப்புக்குள்ளேயே காபித்தூள், வெட்டிவேர்த் தூள் போட்டிருந்தாலும் அது தேய்ப்பதுதான்.

அடுத்தது தண்ணீர். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பிசுக்காகத் திரியும். அந்தப் பிசுக்கு பக்கெட்டில் ஒட்டுவது போலவே உடம்பிலும் ஒட்டி நின்று அரிக்கும். குழாய் வாயில் வெள்ளைப் படிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு வாரத்துக்குக் கடைசியாக ஊற்றும் இரண்டு சொம்பு மட்டும் மழைநீரோ ஆற்றுத் தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள். குறைந்துவிட்டால் குற்றவாளி தண்ணீர். ஒருமுறை என் சோப்பு கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் நன்றாக இருந்தது, அவர்களே சொந்த ஊருக்குப் போனபோது அரித்தது. சோப்பு அதே கட்டிதான். ஊரில் போர்வெல்.

இப்படி உப்புத் தண்ணீர் ஊருக்குச் சோப்பு செய்பவர்கள் ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம். அது காரத்தை உண்ணும், அதனால் 6 கிராம் காஸ்டிக் சோடா கூடுதலாகப் போட வேண்டும். பிசுக்கு நன்றாகவே குறையும்.

பிறகுதான் செய்முறை. முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு நன்றாக நுரைக்கும், அழுக்கோடு தோலின் எண்ணெயையும் எடுத்துப் போய்விடும். 5 சதவீதக் குறைப்பு அதற்குப் போதாது. நான் 20 சதவீதம் குறைக்கிறேன். ஒரு கிலோவுக்கு 146 கிராம் காஸ்டிக் சோடா. அல்லது தேங்காய் எண்ணெயை மூன்றில் ஒரு பங்காக்கி, மீதிக்கு நல்லெண்ணெயும் தவிட்டெண்ணெயும், கொஞ்சம் விளக்கெண்ணெயும் போடுங்கள். செலவு கூடும், தோல் இழுக்காது.

மூன்று வாரம் எல்லாம் மாற்றியும் வெடிப்பு நிற்கவில்லை, அல்லது முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்னாலும் சிவந்து தடிக்கிறது என்றால் அது கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோயாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போங்கள். கரப்பான் உள்ள குழந்தைக்குக் கைச்சோப்பு, கடைச்சோப்பு எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

## ஒரு நாள், இரண்டு நாள் கழித்து அரிப்பும் சிவப்பும்

என் நோட்டில் பாதிப் பக்கம் இதுதான். இதைத்தான் ஜனங்கள் நம்ப மறுக்கிறார்கள்.

"ஆறு மாசமா இதே சோப்புதான் போடுறேன், இப்ப எப்படி அலர்ஜி ஆகும்?" என்பார்கள். இந்த வகை ஒவ்வாமைக்கு உடம்பு முதலில் அந்தப் பொருளை எதிரியாகப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரமும் ஆகலாம், சில வருடமும் ஆகலாம். பழகிக்கொண்ட பிறகு ஒவ்வொரு முறை பட்டதும் 1 முதல் 3 நாளில் அரிப்பு கிளம்பும். ஆகவே இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது அந்தச் சோப்புக்கு ஆதரவான சாட்சி அல்ல. இன்னொன்று: "இது இயற்கை, ஒன்றும் செய்யாது." கிராம்பும் லவங்கப்பட்டையும் எலுமிச்சைப்புல்லும் இயற்கைதான். அரிப்பைக் கிளப்புவதில் அவைதான் முன்வரிசை.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம், கேள்வி போதும். குங்குமம் வைத்தால் நெற்றி அரிக்குமா? ஹேர் டை போட்டால் காது ஓரம் அரிக்குமா? சென்ட் அடித்த இடம் சிவக்குமா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலே வாசனை, சாயம், மஞ்சள் இந்த மூன்றின் மேல் சந்தேகத்தை வையுங்கள். அந்த வாரம் புதிதாக வந்தது வேறு ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். துணி சோப்பு மாறியிருக்கலாம், புதுக் கவரிங் நகை போட்டிருக்கலாம்.

அடுத்து, சோப்பில் என்ன வாசனை, எவ்வளவு, எங்கே வாங்கியது? எசென்ஷியல் ஆயில் (செடியிலிருந்து எடுத்த வாசனை எண்ணெய்) ஒரு கிலோ எண்ணெய்க்கு 30 கிராமைத் தாண்டக் கூடாது. முகச்சோப்புக்கு நான் 10க்கு மேல் போடுவதில்லை. கிராம்பு, பட்டை எண்ணெய்களை நிறுத்தியே விட்டேன். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களும் லாவெண்டரும் திறந்த பாட்டிலில் காற்றுப் பட்டுப் பழசானால் அரிப்பைக் கிளப்பும் பொருளாக மாறும். பாட்டிலில் திறந்த தேதியை எழுதி, ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வருடம் ஆனதும் கழித்துவிடுங்கள். வாசம் நன்றாகத்தான் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

ஊதுபத்திக்கு விற்கும் மல்லிகை, சந்தன சென்ட்டை வாங்கிச் சோப்பில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். அது எரித்து முகர்வதற்குச் செய்தது, தோலில் படுவதற்கு அல்ல. கேசரிப் பவுடர், கோலப்பொடி நிறமும் அப்படித்தான்.

மூலிகையில் கஸ்தூரி மஞ்சளை முதலில் பாருங்கள். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை ஒரு மணி நேரம் வடியவிட்டுக் கழுவாமல் போட்டிருந்தால் அதுவும் அரிக்கும். வேப்பெண்ணெய் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

எது என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் வெற்றுச் சோப்பு செய்யுங்கள். அதே எண்ணெய், அதே காரம், வேறெதுவும் இல்லை. கால் கிலோ எண்ணெய் போதும். தோல் முழுதாக ஆறி இரண்டு வாரம் ஆன பிறகு, முழங்கை உட்புறத்தில் ஐந்து ரூபாய் அளவு இடத்தில் அந்த நுரையைப் போட்டு, ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். காலை, மாலை, ஏழு நாள். ஒன்றும் ஆகவில்லையா? எண்ணெயும் காரமும் விடுதலை. அடுத்த வாரம் மஞ்சள் மட்டும் சேர்த்த கட்டி, அதற்கடுத்த வாரம் வாசனை மட்டும் சேர்த்தது. ஒவ்வொன்றாகத்தான். பொறுமை வேண்டும், ஆனால் ஒரு மாதத்தில் பெயர் கிடைத்துவிடும். நான் இப்போது ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் ஒரு கட்டியை வெற்றாகவே ஊற்றி எடுத்து வைக்கிறேன். புகார் வந்தால் முதலில் அதைத்தான் அனுப்புவேன்.

சோப்புத் துண்டைத் தோலில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிச் சோதிக்காதீர்கள். சோப்பு அப்படி ஒரு நாள் ஒட்டிக் கிடந்தால் யாருக்கும் புண்ணாகும், அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

கண் இமை வீங்கினால், நீர் வடிந்தால், சோப்பே படாத இடத்துக்கும் பரவினால், இரண்டு வாரம் நிறுத்தியும் போகாவிட்டால் வீட்டுச் சோதனையை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். பேட்ச் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. வழக்கமாக ஒவ்வாமை தரும் பொருள்களை முதுகில் சின்னச் சின்ன வில்லைகளில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது. எல்லா கிளினிக்கிலும் செய்வதில்லை, முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவிலும் விசாரிக்கலாம். போகும்போது டப்பாவில் எடுத்து வைத்த சோப்பையும், சேர்த்த பொருள்களின் பட்டியலையும் கொண்டு போங்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் நீங்களாகத் தடவாதீர்கள். அன்றைக்கு அடங்கும். முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, விட முடியாத நிலைக்குக் கொண்டுபோகும்.

## சில நிமிடங்களில் காணாக்கடி போலத் தடிப்பு

கொசு கடித்தது போலத் தட்டுத் தட்டாக எழும்பி, சில மணி நேரத்தில் தானே மறைகிறது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். எனக்கு மிகவும் பயம் இதில்தான்.

ஆட்டுப்பால், பசும்பால், கோதுமை, ஓட்ஸ், கடலை மாவு, பாதாம். சாப்பாட்டில் இவை ஒத்துக்கொள்ளாதவருக்குச் சோப்பில் பட்டாலும் தடிக்கலாம். இதைவிடக் கவலையானது, சோப்பு வழியாகத் தோல் பழகிக்கொண்டு பிறகு சாப்பாடே ஒத்துக்கொள்ளாமல் போவது. ஜப்பானில் முகம் கழுவும் சோப்பு ஒன்றில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்திருந்தார்கள். அதைப் போட்ட 2000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாதாரணமாகச் சாப்பிட்டு வந்தவர்கள். 2011இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

அதனால் இதில் வீட்டுச் சோதனை கிடையாது. வெற்றுச் சோப்பும் வேண்டாம், முழங்கைச் சோதனையும் வேண்டாம். உதடு வீங்கினால், தொண்டை அடைத்தால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் உடனே 108. தடிப்பு மட்டும் வந்து அடங்கியிருந்தாலும் அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். விற்பவர்கள் பால், மாவு, கொட்டை எண்ணெய் எது சேர்த்தாலும் உறையில் பெரிதாக எழுதுங்கள். வாங்குகிறவருக்கு அது உயிர் விஷயமாக இருக்கலாம்.

## அரிப்பே இல்லாமல் முகம் கறுக்கிறது

கன்னத்திலும் நெற்றி ஓரத்திலும் சாம்பல், பழுப்புத் திட்டு மெதுவாகப் பரவினால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். வாசனைப் பொருளும் சாயமும் நம் மாநிறத் தோலில் சிவப்பே காட்டாமல் நேராகக் கறுப்பாகப் படிவதுண்டு. வாசனை, நிறம் உள்ள சோப்பு, பவுடர், குங்குமம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும். "கலர் கூட்டும்" சோப்பை மேலே போட்டுத் தேய்ப்பது நிலைமையைக் கெடுக்கும். இதற்கு நேராகத் தோல் மருத்துவர்தான்.

## சோப்பின் மேல் பழி, ஆனால் வேறு நோய்

வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து, இடுப்பிலும் தொடை இடுக்கிலும் பரவினால் படர்தாமரை. வீட்டில் எல்லோருக்கும், ராத்திரியில் அதிகமாக, விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் அரித்தால் சிரங்கு. இரண்டுக்கும் மருந்து வேறு. சோப்பை மாற்றி மாற்றி நாள் கடத்த வேண்டாம்.

## செய்பவரின் கை

வாங்குபவரைப் பற்றி எழுதிவிட்டு நம் கையை மறக்கக் கூடாது. விரல் இடுக்கிலும் மோதிரத்தின் அடியிலும் வறண்டு வெடித்தால் முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். கையுறை நல்லதா, ஓட்டை விழுந்ததா பாருங்கள். கையுறை போட்ட அளவுக்கு, மணிக்கட்டு வரை கோடு போட்டது போல அரித்தால் ரப்பரே ஒத்துக்கொள்ளவில்லை, நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள். புது சோப்பை அச்சிலிருந்து எடுக்கும்போதும் வெட்டும்போதும் கையுறை வேண்டும். இதில்தான் நிறையப் பேர் அசந்துவிடுகிறார்கள்.

காரக் கரைசல் தெறித்தால் வினிகர், எலுமிச்சை எதையும் தேடாதீர்கள். காஸ்டிக் சோடா செதிலாக ஒட்டியிருந்தால் முதலில் உதறிவிட்டு, பட்ட துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். வழவழப்பு போகும்வரை காரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து உடனே தண்ணீர் ஊற்றத் தொடங்குங்கள். 20 நிமிடம் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். அதற்குள் இன்னொருவர் வண்டி ஏற்பாடு செய்யட்டும். எரிச்சல் குறைந்தது போல இருந்தாலும் கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், வழியிலும் பாட்டில் தண்ணீரால் கழுவிக்கொண்டே.